கண்ணாடிக்கு அப்பால் ஒரு கலண்டர்

அந்தக் கலண்டரை நான் ஒருநாளும் கையால் தொட்டதில்லை. கனடாவில், டோர்செட் பார்க் என்ற பகுதியில், ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தின் வாசற்கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் அதை விரித்துப் பிடித்துக் காட்டினார். இந்தப் பக்கம், நவம்பர் மாதக் காலைக் குளிரில், முகக்கவசத்துக்குள் மூக்கு ஒழுக ஒழுக நான் நின்று பார்த்தேன். ஹலால் இறைச்சிக் கடை ஒன்று வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த கலண்டர் அது. மேலே ஒரு பள்ளிவாசல் படம், கீழே மாதத்தின் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் ஐந்து நேரத் தொழுகைக்குரிய நேரங்கள் எறும்பு எழுத்தில். மிச்சமிருந்த வெள்ளை இடம் முழுவதையும் அவர் நீலப் பேனாவால் நிரப்பியிருந்தார். என்னோடு கதைத்த செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "பாருங்கோ தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு கையைச் சுற்றிக் கொண்டுவந்து, அன்றைய நாளுக்குரிய கட்டத்தை விரலால் இரண்டு தரம் தட்டினார். இன்றைக்கு வரைக்கும் எழுதியிருக்கிறேன் என்று காட்டுகிறார் போல என்று நினைத்து நான் தலையாட்டினேன்.

அவர் அந்தக் கட்டடத்தின் சூப்பர். குப்பை, குழாய், திறப்புக்கொத்து, வெப்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்ரெண்டனை இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீடு அந்த வேலையோடு சேர்ந்து வரும். அதில் அவரும் மனைவியும் பதினொரு வருடமாக இருந்தார்கள். நான் அந்தத் தொகுதியின் நகரசபைக் கவுன்சிலரிடம் உதவியாளராக வேலை செய்தேன். சபை உறுப்பினருக்கு ஒரு முகம் இருக்கும், அவருக்குப் பின்னால் தொலைபேசி எடுக்க ஒரு வாய் இருக்கும். அந்த வாய் நான். அவர் முதல் தடவை தொலைபேசி எடுத்தபோது அவரை நான் அங்கிள் என்றேன். "நானா எண்டு சொல்லுங்கோ, அங்கிள் எண்டால் எனக்கு வயசு போனமாதிரிக் கிடக்கு" என்றார். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அதன்பிறகு அவர் எனக்கு நானா, நான் அவருக்குத் தங்கச்சி. அவருடைய முழுப் பெயரை நான் ஒரு தடவை மட்டும்தான் தட்டச்சு செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெருந்தொற்று வந்ததும் எங்கள் அலுவலகத்தைப் பூட்டினார்கள். தொகுதி அலுவலகத்து இலக்கம் நகருக்கு வெளியே விட்பியில் என் வீட்டுச் சமையலறை மேசைக்குத் திருப்பிவிடப்பட்டது. ஒரு பக்கம் அடுப்பில் பருப்பு, மறுபக்கம் பரிசோதனை எங்கே எடுப்பது, வேலைக்குப் போகலாமா, அம்மாவை முதியோர் இல்லத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றாவது பார்க்க விடுவார்களா என்று கேட்கும் குரல்கள். சபையும் வீட்டுக்குள் போய்விட்டது. கூட்டம் என்றால் திரை நிறையச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு உறுப்பினர், அவருக்குப் பின்னால் ஒரு புத்தக அலுமாரி. ஒரு உறுப்பினரின் நாய் வரவுசெலவு விவாதத்தில் தவறாமல் தன் கருத்தைச் சொல்லும். நாங்கள் சிரித்தோம். சிரிக்க வேறு எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெட்டிகளுக்குள் இருந்துதான் எந்தக் கட்டடத்துக்கு என்ன நடக்கும் என்று தீர்மானித்தார்கள். கட்டடங்களுக்குள் இருந்தவர்கள் அந்தப் பெட்டிகளில் இருக்கவில்லை.

எங்கள் கவுன்சிலர் நல்ல மனுசி. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவரிடம் ஒரு வசனம் இருந்தது: பதிவில் இல்லாதது நடக்கவில்லை. குடியிருப்பாளர் தொலைபேசியில் அழுதால் அது அழுகை. அதையே கடிதமாக எழுதி, கூட்டத்துக்கு முதல்நாள் மதியத்துக்குள் சபைக் குழுவின் செயலாளருக்கு அனுப்பி, நிகழ்ச்சி நிரலில் இணைப்பாகப் போட்டுவிட்டால் அது ஆதாரம். இணைப்பாகப் போனது உடனே சபையின் இணையத்தளத்தில் ஏறிவிடும். யாரும் பார்க்கலாம், என்றைக்கும் பார்க்கலாம். எட்டு வருடமாக இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கும் காகிதத்தின் மேல் ஒரு பக்தி வந்துவிட்டது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவரைப் போல, பெயரும் விபரமும் சரியாக எழுதிக் கொடுத்துவிட்டால் மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன்.

நானாவின் பிரச்சினை எலிவேற்றர். கட்டடத்தில் இரண்டு. ஒன்று மே மாதமே நின்றுவிட்டது. நிர்வாகக் கொம்பனியிடம் கேட்டால் பாகம் வரவேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், நோய்க்காலம் என்று சொன்னார்கள். சரி, ஒன்று ஓடுகிறதே என்று விட்டிருக்கலாம். அப்போதுதான் சுகாதாரப் பகுதியின் அறிவித்தல் வந்தது: எலிவேற்றரில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது. அதை அச்சடித்து எல்லாக் கட்டடங்களுக்கும் அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. தமிழில் எழுதியதும் நான்தான்.

"தங்கச்சி, நீங்கள் அனுப்பின நோட்டிஸை ஒட்டிப்போட்டன்," என்றார் நானா. "இப்ப உள்ளுக்கை ரெண்டு பேர்தான் ஏறுகினம். ஆனால் கீழை லொபியிலை நாப்பது பேர் நிக்கினம். ஒருத்தற்றை மூச்சு மற்றவற்றை பிடரியிலை. உதுக்கு என்ன நோட்டிஸ் ஒட்டுறது?"

காலை ஆறரைக்கு வெயார்ஹவுஸ் வேலைக்குப் போகிறவர்கள், முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் பெண்கள், எல்லோரும் வெளியே போகும் நேரம். அதே நேரம் இரவு வேலை முடித்தவர்கள் மேலே போக வந்து நிற்பார்கள். நான் போன அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சுவரோரமாக வளைந்து, தபால்பெட்டிகளைச் சுற்றி, திரும்பவும் கதவு வரைக்கும் வரிசை. யாரோ இருமினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நோயைவிடப் பயமாக இருந்தது.

அவர் கலண்டரில் எழுதியது இதைத்தான். ஓடும் எலிவேற்றர் இடையில் நின்றால் ஒரு கோடு, பக்கத்தில் நின்ற நேரம், திரும்ப ஓடிய நேரம். அம்புலன்ஸ் வந்தால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மாடி இலக்கம். அந்த வீட்டின் ஆள் திரும்பி வராவிட்டால் வட்டத்தைப் பேனாவால் முழுக்க அடைத்துவிடுவார். செப்ரெம்பரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டங்கள். நவம்பரில் வட்டமில்லாத கட்டத்தைத் தேடவேண்டியிருந்தது. அதற்கு முதல், கலண்டரைப் பற்றித் தொலைபேசியில் சொன்ன அன்றே, ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தேன்.

"பதினாறாம் மாடி அன்ரியை ஸ்ட்ரெச்சரிலை கொண்டு வரேக்கை எலிவேற்றர் நிண்டிட்டுது. இருபது நிமிசம் நடுவிலை. நான் வெளியிலை நிண்டு கதவைத் தட்டித் தட்டி, 'அன்ரி, இருக்கிறியளோ' எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். முதல்லை ஓம் எண்டு சொன்னவ. பிறகு சொல்லேல்லை. நாளைக்கு ஆரும் கேட்டால், அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுவாங்கள் தங்கச்சி. அதுதான் எழுதுறன்."

பதிவில் இல்லாதது நடக்கவில்லை. கவுன்சிலரும் சூப்பரும் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அவருடைய தொலைபேசியை வைத்துவிட்டு உடனே கவுன்சிலரை எடுத்தேன். மாடிக் கட்டடங்களில் நின்றுபோன எலிவேற்றர்களைச் சுகாதார அவசரமாகக் கருதி, குறித்த நாளுக்குள் திருத்தும்படி உத்தரவிட வேண்டும் என்று ஒரு பிரேரணை தயாரானது. அடுத்த மாதம் குழுவுக்கு வரும். அதற்குக் கடிதம் வேண்டும், ஆதாரம் வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கலண்டரைக் காட்டிய நாள், இதற்காகத்தான் நான் போனேன். கடிதத்தைப் பற்றிக் கதைத்தோம். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதுவதென்று முடிவானது. கலண்டரின் ஒவ்வொரு மாதத்தையும் படமெடுத்து அன்றைக்கே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். புறப்படும்போது கேட்டார்: "ஊரிலை எவடம் தங்கச்சி?" வண்ணார்பண்ணை என்றேன். "அப்ப பக்கம்தான். நான் சோனகதெரு," என்றார்.

சோனகதெரு என்றால் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருந்த இடம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சொன்னவர்கள் வேறு யாருமில்லை, துவக்கு வைத்திருந்த எங்கள் இயக்கத்துப் பெடியள். எனக்கு எட்டு வயது. அம்மா வாசல் படலையில் நின்று, சனம் மூட்டையோடு நடந்து போவதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அப்பா உள்ளேயிருந்து, "வீட்டுக்குள்ளை வா" என்று கூப்பிட்டார். அம்மா உள்ளே வந்து படலையைச் சாத்தினார். நாங்கள் கெட்டவர்கள் இல்லை, படலையைச் சாத்தியவர்கள் மட்டும்தான் என்று வளர்ந்தபிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இங்கே பார்க்டேலில் அகதிப் பிள்ளையாக வளர்ந்த காலத்தில் எங்களுக்கு நடந்ததைப் பற்றி நிறையக் கதைத்திருக்கிறேன். இதைப் பற்றி ஒரு ஆளிடமும் கதைத்ததில்லை. நானாவும் அன்றைக்கு அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "குளிருது, போங்கோ" என்றார். பிறகு, "ஒரு விசயம். என்ரை பேர் மட்டும் வராமல் பாத்துக்கொள்ளுங்கோ. நான் சொன்னதெண்டு தெரிஞ்சால் வேலை மட்டுமில்லை, வீடும் போயிடும். மனுசிக்கும் உடம்புக்கு ஏலாது."

"உங்கட பேர் ஒரு இடத்திலையும் வராது நானா. அது என்ரை பொறுப்பு," என்றேன்.

சொன்னபடி செய்தேன். அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பொறுக்க முடியாத இடம். விட்பிச் சமையலறையில் இருந்து, கடிதத்தின் அடியில் அவர் கையால் எழுதி அனுப்பிய பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பெட்டி போட்டேன். கலண்டர் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். ஓரத்தில் இறைச்சிக் கடையின் பெயரும் இலக்கமும் இருந்தன, அதற்கும் கறுப்பு. இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. பெட்டியின் ஓரம் எழுத்தோடு ஒட்டி, கோணலில்லாமல், வெட்டி ஒட்டினது போல இருக்கும். கடிதமே போதாதா, கலண்டரும் வேண்டுமா என்று கவுன்சிலர் கேட்டார். வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். கலண்டரைப் பார்த்தால் கல்லும் கரையும் என்றேன். நானா அதை எனக்குத்தான் அனுப்பியிருந்தார், நான் நம்பவேண்டும் என்று. ஊருக்குக் காட்டலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. பெயரை மறைத்துவிட்டேனே, பிறகென்ன கேட்பது?

கூட்ட நாள் வந்தது. எங்கள் விடயம் மதியத்துக்குப் பிறகுதான் எடுபட்டது. பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். கட்டடத்தின் நிர்வாகக் கொம்பனி சார்பில் ஒருவர் பதிவு செய்திருந்தார். அவருடைய பெட்டி திரையில் திறந்தது. பின்னால் புத்தக அலுமாரி இல்லை, வெறும் வெள்ளைச் சுவர். பிரேரணையைத் தாங்கள் எதிர்க்கவில்லை என்றார். பாகம் வரும் வழியில் இருக்கிறது என்றார். பிறகு சிரித்த முகத்தோடு, இணைப்பில் இருக்கும் கலண்டரைத் தாங்கள் கவனமாகப் பார்த்ததாகவும், தங்கள் கட்டடத்தில் எலிவேற்றர் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் இவ்வளவு அக்கறையோடு குறித்துவைக்கக்கூடிய ஒருவர் வேலை செய்வது தங்களுக்குப் பெருமை என்றும், அவருக்கு நேரடியாகவே நன்றி சொல்லப்போவதாகவும் சொன்னார்.

உடனே அந்த இணைப்பைத் திறந்து பார்த்தேன். பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் எலிவேற்றர் நின்ற நேரமும் ஓடிய நேரமும் எந்த மாடி ஆள் திரும்பி வரவில்லை என்பதும் யாருக்குத் தெரியும்? வேலை ரசீதுகளில் மாதம் மாதம் அந்தக் கொம்பனி பார்த்துக்கொண்டிருந்த அதே சாய்ந்த நீல எழுத்து. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் தொழுகை நேரம்; அவர்களுடைய வேலையாட்களில் முஸ்லிம் அவர் ஒருவர்தான். இவ்வளவும் பகல் வெளிச்சம் போல அதில் இருந்தது. நான் எழுத்துக்களைத் தேடினேனே தவிர மனுசனைப் பார்க்கவில்லை. எட்டு வருட அலுவலக மூளை அப்படித்தான் பழகியிருந்தது: பெயர்தான் ஆள், பெயரில்லாவிட்டால் ஆளில்லை. இந்த மடத்தனத்தைக் காகிதத்தோடு வாழ்கிற ஒருத்தி மட்டும்தான் செய்யமுடியும்.

திரையில் வாக்கெடுப்பு தொடங்கியிருந்தது. செயலாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொரு பெட்டியும் ஆதரவு, ஆதரவு என்றது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. கவுன்சிலர் எனக்குக் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினார். நான் எழுந்து போய், கறிச்சட்டி அடிப்பிடித்த அடுப்பை நிறுத்தினேன்.

அதன்பிறகு எட்டு நாள் நானா எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்து எச்சரித்திருக்கலாம். எடுத்தால் நடந்ததைச் சொல்ல வேண்டிவரும், அதுதான் காரணம். ஒருவேளை அந்தக் கொம்பனி மனுசன் உண்மையிலேயே நன்றிதான் சொல்லப்போகிறாரோ என்று குழந்தைப்பிள்ளை போல நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் பகல் அவருடைய இலக்கம் திரையில் மின்னியது.

"தங்கச்சி, புது மோட்டர் வந்திட்டுது. பூட்டுறாங்கள். அல்ஹம்துலில்லாஹ்," என்றார். குரலில் உண்மையான சந்தோசம். "எனக்கும் ஒரு கடிதம் வந்தது."

கட்டடப் பராமரிப்பைப் புதிய முறையில் ஒழுங்கு செய்வதாகவும், அவருடைய சேவை இனித் தேவையில்லை என்றும் எழுதியிருந்தார்களாம். அந்த நேரம் வாடகைக்கு இருப்பவர்களை வெளியேற்றக்கூடாது என்று நிறையச் சட்டம் பேசப்பட்டது. சூப்பர் வாடகைக்கு இருப்பவர் இல்லை. வேலை போனால் ஒரு கிழமைக்குள் வீட்டைவிட வேண்டும். எனக்கு இது முதலே தெரியும். அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

"அங்கை ரெண்டு மணித்தியாலம் தந்தாங்கள்," என்றார் நானா. "இஞ்சை ஒரு கிழமை தந்திருக்கினம். கனடா எல்லே." சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். இருக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆரோ காட்டிக் குடுத்திட்டினம் தங்கச்சி. நீங்கள் பேரை மறைச்சுத்தான் குடுத்தனீங்கள், எனக்குத் தெரியும். இது அந்த ரெண்டாம் மாடி ஆள்தான். கார் விடுற இடத்துக்குச் சண்டை பிடிச்சவர். நான் கலண்டர் எழுதுறதை அவர் கண்டவர்."

சபையின் இணையத்தளத்தை அவர் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான்தான் என்று சொல்வதற்கு அதைவிடச் சரியான நேரம் கடவுளே வந்து தந்திருக்க முடியாது. வாயைத் திறந்தேன். "இருக்கலாம் நானா," என்று சொன்னேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான வசனம் அதுதான். யாழ்ப்பாணத்தில் நான் எட்டு வயதுப் பிள்ளை, எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. டோர்செட் பார்க்கில் எனக்கு முப்பத்தெட்டு வயது. படலையைச் சாத்தியது நான்தான்.

ஓடித் திரியாமல் இருந்தேன் என்று சொல்லமாட்டேன். சட்ட உதவி நிலையத்தை எடுத்தேன், கவுன்சிலரைக் கொண்டு கொம்பனிக்கு எழுதுவித்தேன். தேன் தடவின பதில்கள் வந்தன. நானாவும் மனைவியும் மனைவியின் தம்பி வீட்டுப் பேஸ்மென்ற்றுக்குப் போனார்கள். மேலே தம்பியின் குடும்பம், கீழே இவர்களும் தம்பியின் மாமியாரும், எல்லோருக்கும் ஒரு குளியலறை. ஒன்றிரண்டு தடவை எடுத்துக் கதைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டும் ஓடுதாமோ?" ஓடுகிறது நானா என்பேன். நல்லது என்பார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் எடுப்பேன்.

வசந்தகாலத்தில், மூன்றாவது அலை என்று சொன்னார்களே, அந்த நாட்களில் ஒரு முற்பகல் அலுவலக இலக்கத்துக்கு ஒரு ஆண் குரல் வந்தது. ஜனாஸா நல்லடக்கத்துக்கு எத்தனை பேர் போகலாம், இந்தக் கிழமை விதி என்ன என்று கேட்டார். இந்தக் கேள்வி அப்போது நாளுக்கு நாலைந்து வரும். பத்துப் பேர் என்றேன், இடைவெளி விட்டு நிற்கவேண்டும் என்றேன், உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்றேன். இப்படியான அழைப்புகளுக்குப் படிவம் நிரப்பவேண்டும் என்பதால் இறந்தவரின் பெயரைக் கேட்டேன். அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். பாதி தட்டும்போதே என் விரல்களுக்கு விளங்கிவிட்டது. மச்சான் ஐந்து நாள் வென்ரிலேற்றரில் இருந்தவர் என்று அந்தக் குரல், நானாவின் மனைவியின் தம்பி, சொன்னது. முதலில் காய்ச்சல் வந்தது மாமிக்கு, பிறகு வீடு முழுக்க. நான் முழுப் பெயரையும் தட்டி முடித்தேன். அதுதான் அந்த ஒரே தடவை. அதன்மேல் கறுப்புப் பெட்டி போடத் தேவையிருக்கவில்லை. அந்தப் பேஸ்மென்ற் வாசலில் அம்புலன்ஸ் வந்து நின்றபோது, வட்டம் போட அங்கே ஒரு கலண்டரும் இருந்திருக்காது. அந்தப் பத்துப் பேரில் எனக்கு இடமில்லை, கேட்கும் தகுதியும் இல்லை.

கட்டடத்தில் இரண்டு எலிவேற்றரும் இன்றைக்கும் ஓடுகின்றன. எங்கள் கவுன்சிலரின் செய்திமடலில் அது ஒரு சாதனையாக, படத்தோடு வந்தது. சாதனைதான், பொய்யில்லை. எத்தனை பேர் அதனால் உயிரோடு இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இரண்டாம் மாடி அண்ணையை ஒருநாள் தமிழ்க் கடையில் கண்டேன். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். நானாவின் குடும்பத்தில் தன் பெயரை இப்போதும் என்ன சொல்லி உச்சரிக்கிறார்கள் என்று அந்த மனுசனுக்குத் தெரியாது. நான் வண்டிலைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

இவ்வளவு காலம் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம் அலுவலகத்தில் வந்த ஒரு சாதாரண வேலை. பார்வையில்லாதவர்களுக்கும் சபையின் பழைய ஆவணங்கள் விளங்கவேண்டும். கணினி வாசித்துச் சொல்ல வசதியாக, இணைப்புகளில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் விபரிக்கவேண்டும். எங்கள் தொகுதியின் பங்கு எனக்கு வந்தது. மரம் வெட்டும் விண்ணப்பங்கள், வேகத்தடைப் படங்கள் எல்லாம் முடித்து இந்த மாசி மாதம் அந்த இணைப்பைத் திறந்தேன். கையெழுத்து என்றால் அதையும் முழுதாகத் தட்டவேண்டும் என்பது விதி. வாசிக்க முடியாவிட்டால், வாசிக்க முடியவில்லை என்று போடலாம். ஒவ்வொரு கட்டமாகத் தட்டினேன். கோடு, நேரம். வட்டம், மாடி ஒன்பது. அடைத்த வட்டம், மாடி பதினாறு. மூன்று நாள் எடுத்தது. அந்தப் படங்களை அத்தனை தரம் திறந்த நான், என் கறுப்புப் பெட்டிகளைத் தவிர வேறெதையும் அதுவரை வாசித்திருக்கவில்லை.

கடைசிப் பக்கம் நவம்பர். கடைசியாக எழுதிய கட்டம் நான் அங்கே போன நாள். அதில் கோடும் இல்லை, வட்டமும் இல்லை. தொழுகை நேரங்களுக்கு மேலே, இடம் போதாமல் பக்கவாட்டில் சரித்து, இரண்டு வரி தமிழ் இருந்தது. படத்தைத் திருப்பிப் பெரிதாக்கினேன். காலையில், நான் வருவதற்கு முதலே எழுதியிருக்கிறார்.

"இண்டைக்குத் தங்கச்சி வாறா. இனிப் பயமில்லை."

அந்தக் குழுவில், அந்தக் கொம்பனியில், அந்த இணையத்தளத்தைத் திறந்தவர்களில், அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அன்றைக்கு அவர் இரண்டு தரம் தட்டிக் காட்டியது திகதியை அல்ல. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, நானே வாசிக்கட்டும் என்று விரலை வைத்திருக்கிறார்.

அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பிறகு விபரிப்புப் பெட்டியில் அந்த இரண்டு வரியையும் முழுதாக எழுதினேன். பார்க்க முடியாதவர்களுக்குத் தங்கச்சி என்றால் யார் என்று தெரியாதே. ஆகவே பக்கத்தில் என் முழுப் பெயரையும் போட்டேன். இந்தக் கலண்டரை எழுதியவரிடம் கேட்காமல் பொதுவில் போட்டது இவர், இரண்டாம் மாடிக்காரர் அல்ல என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். மதியத்துக்கு முதல் அனுப்பிவிட்டேன். இதை எடுத்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வரலாம். வேலைக்கே கடிதம் வரலாம். இன்னும் ஒன்றும் வரவில்லை. நானாவின் மனைவியின் இலக்கம் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்போகிறேன்.

கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடிக் கதவுதான் வருகிறது. அந்தப் பக்கம் அவருடைய விரல் அந்தக் கட்டத்தின் மேல், நான் வாசிக்கவேண்டும் என்பது போலக் காத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் நின்று, எல்லாம் வாசித்துவிட்டவள் போலத் தலையாட்டுகிறவள் நான்.